அணுகுண்டைப் பேச்சாலும் தடையாலும் தடுக்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரான், வட கொரியா பற்றிய செய்தி வரும்போதெல்லாம் செறிவூட்டல், பொருளாதாரத் தடை, பேச்சுவார்த்தை என்ற மூன்று சொற்களும் சேர்ந்தே வருகின்றன. அவற்றுக்குப் பின்னால் என்ன நடக்கிறது, எது எங்கே பலித்தது, எங்கே கெட்டது என்பதைக் கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன். ஈரான்தான் இதில் அதிக இடம் பிடிக்கும். பேச்சு, தடை இரண்டுமே முழு அளவில் சோதித்துப் பார்க்கப்பட்ட இடம் அதுதான். 2025 செப்டம்பர் வரை நடந்தவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அணு மின் நிலையம் வைத்துக்கொள்வது தப்பில்லை என்றால், சண்டை எதைப் பற்றி?

பெரும்பாலும் யுரேனியத்தைச் செறிவூட்டுவது பற்றி. மண்ணில் கிடைக்கும் யுரேனியத்தில் ஆயிரம் அணுக்களை எடுத்தால், அதில் ஏழுதான் யுரேனியம்-235. எரிபொருளுக்கும் குண்டுக்கும் வேண்டியது இந்த ஏழுதான். மீதி எல்லாம் யுரேனியம்-238. சென்ட்ரிஃபியூஜ் என்ற அதிவேகச் சுழல் இயந்திரங்கள் இந்த 238-ஐக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்குகின்றன. எண்ணூறை ஒதுக்கினால் இருநூறில் ஏழு மிஞ்சும். அது 3.5 சதவீதம், மின் நிலையத்துக்குப் போதும். இன்னும் 165-ஐ ஒதுக்கினால் முப்பத்தைந்தில் ஏழு, அதாவது 20 சதவீதம். அதற்குப் பிறகு வெறும் 27-ஐ ஒதுக்கினால் எட்டில் ஏழு. அது ஏறக்குறைய குண்டுக்கான தரம்.

இந்தக் கணக்கை ஒரு தடவை மனதில் வாங்கிக்கொண்டால் பாதிச் செய்தி புரிந்துவிடும். வேலையின் பெரும்பங்கு மின் நிலையத் தரத்தை எட்டுவதற்குள்ளேயே முடிந்துவிடுகிறது. 60 சதவீதம் என்பது வாசற்படிக்கு வந்து நிற்பது மாதிரி. இரண்டுக்கும் ஒரே இயந்திரம்தான் என்பதால், எத்தனை இயந்திரம், எவ்வளவு கையிருப்பு, யார் கண்காணிப்பது என்பதில்தான் எல்லா இழுபறியும்.

புளூட்டோனியம் இன்னொரு வழி. உலையில் எரிந்த எரிபொருளிலிருந்து அதைப் பிரித்தெடுக்கலாம். வட கொரியா யோங்பியோனில் முதலில் பிடித்த பாதை அது. ஈரானின் அராக் கனநீர் உலை பற்றிய கவலைக்கும் அதுவே காரணம்.

ஒளித்து வைத்ததை யார், எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

வியன்னாவில் இருக்கும் சர்வதேச அணுசக்தி முகமையின் வேலை இது. 1957-ல் தொடங்கியது. பொருள் கணக்கைச் சரிபார்ப்பது, கேமரா வைப்பது, முத்திரை இடுவது, சுவரையும் குழாயையும் துணியால் துடைத்துத் தூசியைச் சோதிப்பது என்று நடக்கும். தூசி நிறைய பேசும். 1992-ல் வட கொரியா தான் பிரித்தெடுத்த புளூட்டோனியம் கொஞ்சம்தான் என்று கணக்குக் கொடுத்தது. ஆய்வில் கிடைத்த விவரம் அதோடு பொருந்தவில்லை. நெருக்கடி அங்கேதான் ஆரம்பித்தது.

ஆனால் சொல்லாத இடத்தில் முகமையால் நினைத்தபடி நுழைய முடியாது. ஈரான் நடான்ஸில் கட்டிக்கொண்டிருந்த நிலத்தடிச் செறிவூட்டல் ஆலை 2002 ஆகஸ்டில் பொதுவெளிக்கு வந்தது, நாட்டுக்கு வெளியே இருந்த ஓர் எதிர்ப்புக் குழு அறிவித்ததால். இந்த மாதிரி ஓட்டையை அடைக்கத்தான் 1997-லேயே கூடுதல் நெறிமுறை என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். அதை ஏற்ற நாட்டில், அறிவிக்காத இடத்தையும் பார்க்க வேண்டும் என்று முகமை கேட்கலாம்.

ஐந்து நாடுகள் குண்டு வைத்திருக்கலாம், மற்றவர்கள் கூடாது. இது என்ன நியாயம்?

நியாயமான கேள்வி. 1970-ல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம், 1967-க்கு முன் குண்டு வெடித்த அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா ஆகியவற்றை மட்டும் அணு ஆயுத நாடுகளாக ஏற்கிறது. மற்றவர்கள் குண்டு செய்யக் கூடாது. பதிலுக்கு அமைதி வழி அணுசக்திக்கு உரிமை உண்டு, அந்த ஐவரும் ஆயுதக் குறைப்பை நோக்கி நல்லெண்ணத்தோடு பேச வேண்டும். கடைசி வாக்கு ஒழுங்காகக் காப்பாற்றப்படவில்லை என்பதுதான் என் எண்ணமும்.

அதனால் ஒப்பந்தமே வீண் என்று சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போட்ட நாட்டை "நீ ஒப்புக்கொண்டதைச் செய்" என்று கேட்க ஒரு பிடி வேண்டும், இது அந்தப் பிடி. இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல் மூன்றும் இதில் சேரவே இல்லை. வட கொரியா 2003 ஜனவரியில் விலகுவதாக அறிவித்தது. ஈரான் உள்ளே இருந்துகொண்டே மறைத்தது என்பதால்தான் அதன் விவகாரம் பாதுகாப்பு கவுன்சில் வரை போனது.

பொருளாதாரத் தடை என்றால் நடைமுறையில் என்ன நடக்கிறது?

துறைமுகத்தில் போர்க்கப்பலை நிறுத்துவது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது வங்கி, காப்பீடு, கப்பல் வாடகை சம்பந்தப்பட்ட காகித வேலை. ஐ.நா. போடும் தடை எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும். ஈரான் மீது 2006 டிசம்பரில் 1737-ஆம் தீர்மானத்தில் தொடங்கி 2010 ஜூனில் 1929-ஆம் தீர்மானம் வரை அது படிப்படியாக இறுகியது. அணு, ஏவுகணை உதிரிபாகங்கள், ஆயுதம், குறிப்பிட்ட ஆட்கள், நிறுவனங்கள் மீதுதான் அதன் குறி.

உண்மையில் கழுத்தை இறுக்கியது அமெரிக்காவும் ஐரோப்பாவும் தனியாகப் போட்ட தடைகள். அமெரிக்கா தன் நிறுவனங்களைத் தடுப்பதோடு நிற்கவில்லை. ஈரானோடு பெரிய வியாபாரம் செய்யும் மூன்றாம் நாட்டு வங்கிக்கும் டாலர் சந்தையை மூடுவோம் என்றது. டாலர் இல்லாமல் ஒரு பெரிய வங்கி நடத்த முடியாது, எனவே யாரும் கேட்காமலேயே விலகிக்கொண்டார்கள். இது வெறும் மிரட்டல் இல்லை: சூடான், ஈரான், கியூபா தடைகளை மீறியதற்காக 2014-ல் பிஎன்பி பாரிபா என்ற பிரெஞ்சு வங்கி கட்டிய அபராதம் சுமார் 890 கோடி டாலர். 2012-ல் ஈரானிய வங்கிகள் ஸ்விஃப்ட் என்ற பணப் பரிமாற்றச் செய்தி வலையிலிருந்து துண்டிக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூலை 1-இலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் ஈரானிய எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது, அதை ஏற்றிப்போகும் கப்பலுக்குக் காப்பீடு தருவதையும் நிறுத்தியது. 2011-ல் நாளொன்றுக்கு 20 லட்சம் பீப்பாய்க்கு மேல் இருந்த ஈரானின் கச்சா எண்ணெய் ஏற்றுமதி இரண்டே ஆண்டில் ஏறக்குறைய பாதியானது. ரியாலின் மதிப்பு சரிந்தது.

அப்படியானால் ஈரான் மேசைக்கு வந்தது தடையால்தானே?

பாதி உண்மை. மறுபாதியை விட்டுவிட்டுச் சொல்வதால்தான் அதே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது.

2003-லேயே பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும் ஈரானோடு பேசின. அப்போது நடான்ஸில் நின்ற இயந்திரங்கள் நூற்றுச் சொச்சம். ஈரான் செறிவூட்டலைத் தற்காலிகமாக நிறுத்தியது, கூடுதல் நெறிமுறையில் கையெழுத்திட்டது. ஆனால் நிரந்தரமாக ஒரு இயந்திரம்கூட ஓடக் கூடாது என்பதில் அமெரிக்கா உறுதியாக இருந்தது. பேச்சு 2005-ல் முறிந்தது. அதன் பிறகு தடை ஏற ஏற இயந்திர எண்ணிக்கையும் ஏறியது. 2013-ல் பொருத்தப்பட்டிருந்தவை சுமார் 19,000. தடை அந்த வளர்ச்சியை நிறுத்தவில்லை.

பிறகு எது மாறியது? ஓமான் வழியாக அமெரிக்காவும் ஈரானும் ரகசியமாகச் சந்தித்தன. கடுமையான கண்காணிப்புக்கு உட்பட்டால் சிறிய அளவு செறிவூட்டலை ஏற்கலாம் என்ற சமிக்ஞை வாஷிங்டனிலிருந்து போனது. 2013 ஜூனில் பொருளாதாரத்தைச் சீர்செய்வேன் என்று சொல்லி ரூஹானி ஈரான் அதிபர் தேர்தலில் வென்றார். அந்த நவம்பர் 24-ஆம் தேதி ஜெனிவாவில் இடைக்கால உடன்பாடு வந்துவிட்டது. அதாவது தடை ஈரானுக்கு வலித்தது, அந்த வலி நிற்க ஒரு வழியும் அதன் கண்ணில் பட்டது. இரண்டாவது இல்லாத எட்டு ஆண்டுகளில் முதலாவது மட்டும் எதையும் சாதிக்கவில்லை.

2015 ஒப்பந்தத்தில் அப்படி என்ன இருந்தது?

2015 ஜூலை 14-இல் வியன்னாவில் முடிவானது. ஒரு பக்கம் ஈரான், மறுபக்கம் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, கூடவே ஐரோப்பிய ஒன்றியம். செறிவூட்டல் 15 ஆண்டுகளுக்கு 3.67 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கையிருப்பு 300 கிலோவுக்குள். நடான்ஸில் பத்தாண்டுகளுக்கு 5,060 பழைய ரக இயந்திரங்கள் மட்டும் ஓடலாம். மலைக்குள் குடைந்த ஃபோர்டோவில் செறிவூட்டலே கூடாது. அராக் உலையின் மையக் கலத்தை வெளியே எடுத்துக் கான்கிரீட் ஊற்றி அடைத்தார்கள். சுமார் 11 டன் குறைசெறிவு யுரேனியம் 2015 டிசம்பரில் கப்பலேறி ரஷ்யாவுக்குப் போனது. ஒரு குண்டுக்கான யுரேனியத்தைச் சேர்க்க இரண்டு மூன்று மாதம் போதும் என்றிருந்த நிலை, ஓராண்டு ஆகும் என்ற நிலைக்குத் தள்ளிப்போனது. 2016 ஜனவரி 16-இல் முகமை சரிபார்த்துச் சொன்ன பிறகே அணு தொடர்பான தடைகள் தளர்ந்தன.

குறை இல்லாத ஒப்பந்தம் அல்ல. ஏவுகணையைத் தொடவில்லை, பல வரம்புகளுக்குக் காலக்கெடு இருந்தது. ஆனாலும் பொருளும் இயந்திரமும் கண்ணெதிரே குறைந்தன. ஆய்வாளர்கள் உள்ளே இருந்தார்கள். இந்தத் துறையில் அதைவிடப் பெரிய சாதனை அரிது என்றே நினைக்கிறேன்.

ஸ்னாப்பேக் என்று சொல்கிறார்களே, அது என்ன?

ஈரான் வாக்கு தவறினால் ஐ.நா. தடைகளைத் திரும்பக் கொண்டுவரும் ஏற்பாடு. வழக்கமாகப் புதிய தடை போட வாக்கெடுப்பு வேண்டும், ரஷ்யாவோ சீனாவோ வீட்டோ செய்தால் கதை முடிந்தது. 2015 ஒப்பந்தத்தை ஏற்றுப் பாதுகாப்பு கவுன்சில் போட்ட 2231-ஆம் தீர்மானம் இதைத் தலைகீழாக்கியது. ஒப்பந்த நாடு ஒன்று புகார் கொடுத்த 30 நாளுக்குள், "தளர்வு தொடரட்டும்" என்று பாதுகாப்பு கவுன்சில் தீர்மானம் போட வேண்டும். அதை ஒரே ஒரு நாடு வீட்டோ செய்தாலும் பழைய தடை தானாகத் திரும்பிவிடும். 2025 ஆகஸ்ட் 28-இல் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி இதைத்தான் கையில் எடுத்தன. செப்டம்பர் இறுதியில் தடைகள் திரும்பின. ரஷ்யாவும் சீனாவும் அது செல்லாது என்றன.

2015 ஒப்பந்தம் நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது, ஏன் உடைந்தது?

2018 மே 8-இல் அமெரிக்க அதிபர் டிரம்ப் ஒப்பந்தத்திலிருந்து விலகினார். அதுவரை ஈரான் பெரும்பாலும் வரம்புக்குள்தான் இருக்கிறது என்று முகமையின் அறிக்கைகள் காட்டிவந்தன. விலகும் அபாயம் முன்பே தெரிந்ததுதான். 2015 மார்ச்சில் 47 அமெரிக்க செனட்டர்கள் ஈரான் தலைவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்: இந்த உடன்பாட்டை அடுத்த அதிபர் ஒரு பேனாக் கீறலில் ரத்து செய்யலாம் என்று. செனட் ஒப்புதல் பெற்ற உடன்படிக்கையாக அது இல்லாததால் சட்டப்படி அது சரிதான்.

அமெரிக்கா உள்ளே இருந்தபோதுகூட ஈரானுக்குக் கிடைத்தது எதிர்பார்த்த அளவு இல்லை. பெரிய வங்கிகள் பழைய அபராதப் பயத்தில் ஒதுங்கியே நின்றன. ஏர்பஸ்ஸிடம் ஈரான் ஏர் ஆர்டர் செய்தது 100 விமானங்கள், வந்து சேர்ந்தது மூன்று. தென் பார்ஸ் எரிவாயு வயலுக்கு ஒப்பந்தம் போட்ட பிரெஞ்சு நிறுவனம் டோட்டல் 2018-ல் வெளியேறியது. டாலரைத் தொடாமல் வியாபாரம் செய்ய ஐரோப்பியர்கள் 2019-ல் இன்ஸ்டெக்ஸ் என்று ஓர் அமைப்பு தொடங்கினார்கள். அதன் வழியாக எண்ணெய்ப் பணம் ஓடவே இல்லை. இந்தியாவும் 2019 மே மாதத்தோடு ஈரானிய எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது.

ஈரான் ஓராண்டு காத்திருந்தது. 2019 ஜூலையில் வரம்புகளை மீற ஆரம்பித்தது. 2021 ஏப்ரலில் 60 சதவீதத்துக்குப் போனது. அதே ஆண்டு பிப்ரவரியில் கூடுதல் நெறிமுறையையும் நிறுத்திவிட்டது. உலகம் ஈரானைக் கண்காணிக்கப் பயன்பட்ட ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடின.

எனக்கு இதில் தெரியும் பெரிய பாடம் ஒன்றுதான். தடையைப் போடும் ஆற்றலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதை நம்பும்படியாக எடுக்கும் ஆற்றல் பேரம் பேச அதே அளவு தேவை. இணங்கினாலும் தண்டனை வரும் என்று தோன்றிவிட்டால், அப்புறம் எதிராளி எதற்காக இணங்குவான்?

வட கொரியாவில் ஏன் பலிக்கவில்லை?

கொஞ்ச காலம் பலித்தது. அமெரிக்காவோடு செய்த 1994 அக்டோபர் உடன்பாட்டின்படி யோங்பியோன் புளூட்டோனியம் ஆலை எட்டு ஆண்டுகள் முத்திரையிடப்பட்டுக் கிடந்தது. பதிலுக்கு மின்சாரத்துக்காக இரண்டு இலகுநீர் உலைகளும் ஆண்டுக்கு ஐந்து லட்சம் டன் எரி எண்ணெயும் தருவதாக வாக்கு. உலை கட்டும் வேலை இழுத்துக்கொண்டே போனது, எண்ணெய் தாமதமானது. வட கொரியாவோ யுரேனியப் பாதையில் ரகசியமாகக் கால் வைத்தது. 2002-ல் அமெரிக்கா அதைச் சுட்டிக்காட்டி எண்ணெயை நிறுத்த, எல்லாம் சரிந்தது. 2006 அக்டோபர் 9-இல் முதல் சோதனை. 2017-க்குள் ஆறு.

இடையில் 2005 செப்டம்பரில் நடந்தது என்னை இன்னும் உறுத்துகிறது. ஆறு நாட்டுப் பேச்சில், அணு ஆயுதத் திட்டங்களைக் கைவிடுவதாக வட கொரியா கூட்டறிக்கையில் ஒப்புக்கொண்டது. அதே வாரத்தில் அமெரிக்க நிதித்துறை மக்காவ்வில் இருந்த பாங்கோ டெல்டா ஆசியா என்ற சிறிய வங்கியைக் குறிவைத்தது. வட கொரியாவின் இரண்டரைக் கோடி டாலர் முடங்கியது. பேச்சு ஓராண்டுக்கு மேல் நின்றுபோனது. ஒரே அரசாங்கத்தின் ஒரு கை மேசையில் கையெழுத்துப் போட, மறு கை வேறு பக்கம் இழுத்தது.

2016, 2017-இல் வந்த தடைகள் மிகக் கடுமையானவை. நிலக்கரி, மீன், துணி ஏற்றுமதி வரை எல்லாம் நின்றது. ஆனால் குண்டு ஏற்கெனவே கையில் இருந்தது. வட கொரியாவின் வியாபாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவோடு. அந்த அரசு விழுவதைச் சீனா விரும்பவில்லை. 2024 மார்ச்சில் ரஷ்யா வீட்டோ செய்ததால், தடை மீறலைக் கண்காணித்த ஐ.நா. நிபுணர் குழுவே இல்லாமல் போனது.

விட்டுக்கொடுத்த நாடுகளே இல்லையா?

இருக்கின்றன, ஒவ்வொன்றும் வேறு கதை. தென் ஆப்பிரிக்கா ஆறு குண்டுகள் செய்து முடித்துவிட்டு அவற்றைத் தானே பிரித்துப் போட்டது. 1993-ல் அதிபர் டி கிளர்க் அதை நாடாளுமன்றத்தில் அறிவித்தார். தடை ஒரு காரணம். அங்கோலாப் போர் ஓய்ந்ததும், ஆட்சி மாற்றம் நெருங்கியதும் அதைவிடப் பெரிய காரணங்கள் என்று நினைக்கிறேன். தென் கொரியா 1970-களில் எரிந்த எரிபொருளிலிருந்து புளூட்டோனியம் பிரிக்கும் மறுசெயலாக்க ஆலையைப் பிரான்ஸிடம் வாங்கப் பார்த்தது. பாதுகாப்பு உறவே கெடும் என்று அமெரிக்கா எச்சரித்ததும் கைவிட்டது. நண்பன் மிரட்டினால் எடுபடும், ஏனென்றால் இழக்க நிறைய இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அர்ஜென்டினாவும் பிரேசிலும். இரண்டும் ரகசியமாகச் செறிவூட்டின, ஒன்றையொன்று சந்தேகித்தன. 1980-களின் கடைசியில் இரு நாட்டு அதிபர்களும் அடுத்தவரின் ஆலைக்கே போய்ப் பார்த்தார்கள். 1991-ல் ஒருவரையொருவர் சோதிக்கும் கூட்டு முகமை தொடங்கினார்கள். அது இன்றும் இயங்குகிறது.

லிபியாவும் உக்ரைனும் வருத்தம் தரும் உதாரணங்கள். நீண்ட காலத் தடைக்கும் ரகசியப் பேச்சுக்கும் பிறகு, 2003 டிசம்பரில் கடாஃபி தன் திட்டத்தை ஒப்படைத்தார். 2011-ல் நேட்டோ குண்டுவீச்சுக்கு நடுவே ஆட்சி இழந்து கொல்லப்பட்டார். உக்ரைன் 1994-ல் புடாபெஸ்டில், எல்லைகளை மதிப்போம் என்ற ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டனின் வாக்கை நம்பித் தன் மண்ணில் இருந்த சோவியத் ஆயுதங்களை ரஷ்யாவுக்கு அனுப்பச் சம்மதித்தது. 2014-லும் 2022-லும் ரஷ்யா படையெடுத்தது எல்லோருக்கும் தெரியும். வட கொரியா லிபியாவைப் பெயர் சொல்லியே மேற்கோள் காட்டுகிறது.

1998-ல் இந்தியா மீது போட்ட தடை?

பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்காவும் ஜப்பானும் உதவிகளை நிறுத்தின. 2001-க்குள் அந்தத் தடைகள் பெரும்பாலும் விலகிவிட்டன. முடிந்துபோன சோதனையைத் தடையால் திருப்ப முடியாது, பெரிய பொருளாதாரத்தை நீண்ட நாள் ஒதுக்கி வைக்கவும் யாருக்கும் மனமில்லை.

தடையால் அடிபடுவது சாதாரண மக்கள்தானே?

ஆம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வது சரியில்லை. 1990-க்குப் பின் ஈராக் மீது விழுந்த முழுத் தடையில் சம்பளத்துக்கு மதிப்பே இல்லாமல் போனது. குடிநீர், மருத்துவமனை எல்லாம் சீர்குலைந்தன. அங்கே ஐ.நா. மனிதாபிமானப் பணிக்குத் தலைமை தாங்கிய டெனிஸ் ஹாலிடே 1998-லும், அடுத்து வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக் 2000-த்திலும் மனம் பொறுக்காமல் பதவியை விட்டார்கள். ஈரான் விஷயத்தில் மருந்துக்கு விலக்கு உண்டு என்று காகிதத்தில் இருக்கிறது. பணத்தை அனுப்ப எந்த வங்கியும் முன்வராவிட்டால் அந்த விலக்கு நோயாளியைச் சென்றடைவதில்லை. ஆட்சியாளருக்கு நெருக்கமானவர்கள் கடத்தல் வழிகளில் சம்பாதிக்கிறார்கள், நடுத்தர வர்க்கம் நொறுங்குகிறது. தடை வேண்டும் என்று வாதிடுபவர்கள், மருந்துப் பணம் போக ஒரு வழியை முதல் நாளே திறந்துவைத்துவிட்டுத்தான் வாதிட வேண்டும்.

இவ்வளவு இழுப்பதைவிட குண்டு போட்டு அழித்துவிட்டால்?

1981 ஜூனில் இஸ்ரேல் ஈராக்கின் ஓசிராக் உலையை ஒரே நாளில் தகர்த்தது. சதாம் அதற்குப் பின் திட்டத்தை ரகசியமாக்கிப் பெரிதாக்கினார். 1991 போருக்குப் பின் உள்ளே போன ஆய்வாளர்கள் அதன் அளவைக் கண்டு அதிர்ந்தார்கள். அதற்குப் பிறகு அதைக் கலைத்தது பெரும்பாலும் அவர்களின் ஆய்வுப் பணிதான்.

2025 ஜூன் 13-இல் இஸ்ரேலும், 22-இல் அமெரிக்காவும் ஈரானைத் தாக்கின. நடான்ஸ், ஃபோர்டோ, இஸ்ஃபஹான் ஆகிய மூன்று இடங்களிலும் இருந்த அணு மையங்கள் பலத்த சேதமடைந்தன. தாக்குதல் தொடங்கிய நாளில் ஈரானிடம் 60 சதவீதச் செறிவில் 440.9 கிலோ இருந்ததாக முகமை மதிப்பிட்டது. மேலும் செறிவூட்டினால் சுமார் பத்துக் குண்டுகளுக்கு ஆகும். ஜூலை தொடக்கத்தில் ஆய்வாளர்கள் வெளியேறினார்கள். கட்டடம் இடிந்தது, பொருள் எங்கே என்று உறுதிசெய்ய ஆள் இல்லாமல் போனது.

புதிய ஒப்பந்தம் பற்றிச் செய்தி வந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

கைகுலுக்கும் படத்தை விடுங்கள். ஆய்வாளர்கள் அறிவிக்காத இடத்துக்கும் போகலாமா என்று பாருங்கள். தளர்வு ஒரே தவணையா, படிப்படியா என்று பாருங்கள். எந்தத் தடையை எடுக்க அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும், எதை அதிபர் தனியாக எடுக்கலாம், எடுத்ததை அடுத்தவர் எவ்வளவு சுலபமாகத் திரும்பப் போடலாம் என்று பாருங்கள். ஈரான் என்றால் நான் அதற்கும் முன்னால் ஒரு வரியைத் தேடுவேன்: அந்த 440.9 கிலோவை ஓர் ஆய்வாளர் நேரில் பார்த்து எடை போட்டார் என்ற வரி.